சமப்படாத ஐந்தொகையும் ஆறிப்போன தேநீரும்

ஐந்தொகை சமப்படவில்லை என்று ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்?

நான் கைதட்டினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அரசாங்கக் கணக்காய்வில் தலை நரைத்தவன் நான். சொத்தெல்லாம் ஒரு பக்கம், கடனும் முதலும் மறுபக்கம், இரண்டும் ஒரே தொகைக்கு வந்து நிற்க வேண்டும் — அதுதான் ஐந்தொகை. நிற்காவிட்டால்? அந்த அலுவலகத்தில் அன்றைக்கு ஒருவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகமாட்டார்கள். அப்படிப் பெயர் வாங்கியவன் நான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு கேற்றில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் இருந்து நஸீரா இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பரீட்சை மண்டபத்தில் இருந்து நேரே வந்திருக்கிறார்.

"சேர், சரிவரல்ல."

"எது?"

"ஐந்தொகை. ரெண்டு பக்கமும் ரெண்டு தொகை. உட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டன்."

"கடைசிக் கேள்வி?"

"முழுக்க இல்ல சேர். ஆனா எல்லாப் பகுதியும் தொட்டிட்டன்."

அப்போதுதான் கைதட்டினேன். உள்ளே இருந்து என் மனைவியும் கைதட்டிக்கொண்டே வந்தார்.

மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற நஸீராவின் கணவர் ரிஸ்வி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தோப்பூர்ப் பக்கம் நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில்.

"என்ன சேர் இது? எங்கட யாவாரத்தில கணக்கு சரிவராட்டி அடிபிடி. நீங்க கைதட்டுறீங்க! இதுக்கா நான் இவ்வளவு மாசமும் ஆணம் காய்ச்சப் பழகின?"

தம்பி ரிஸ்வியின் கேள்வி நியாயமானது. குழம்பு வைக்கப் பழகிய ஒரு மனிதனுக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு. அதோடு, இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களில் சிலர் — நிலாவெளியில் இருந்து ஒருவர் இரண்டு தடவை — கணக்கீட்டுத் தொழிற்பரீட்சையைப் பாஸ் பண்ண வழி சொல்லுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இந்த வாரம் பதில்.

நஸீரா கிண்ணியாவைச் சேர்ந்தவர். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். துறைமுகப் பக்கம், கப்பல்களுக்குச் சேவை செய்கிற ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதி உதவியாளர். காலை பஸ்ஸில் பாலம் கடந்து வருவார். மாலை பஸ்ஸில் பாலம் கடந்து போவார். பள்ளிக்கூட நாளில் என் மனைவியிடம் படித்தவர். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு 'டீச்சர்' இருக்கிறார். நான் வெறும் 'சேர்'. டீச்சருடைய வீட்டுக்காரர் என்ற முறையில் கிடைத்த பட்டம் அது.

தொழிற்பரீட்சையின் மற்றப் பாடங்களை எல்லாம் ஒழுங்காகப் பாஸ் பண்ணியவர், ஒரே ஒரு பாடத்தில் திரும்பத் திரும்பப் பெயில். அதுவும் எந்தப் பாடத்தில்? அவர் தினமும் வேலையில் செய்கிற நிதிக் கணக்கீட்டில். மீனவன் நீச்சலில் பெயில் ஆவது மாதிரி.

நிறுவனத்தின் கணக்காளர் கட்டாருக்குப் போகிறார். அவருடைய கதிரை காலியாகிறது. முதலாளி நஸீராவைக் கூப்பிட்டுச் சொன்னார்: 'இந்த முறை முடிவு வரும்வரை ஒருவரையும் போடமாட்டேன். பாஸ் என்றால் கதிரை உங்களுக்கு. இல்லாவிட்டால் கொழும்பில் இருந்து ஆள் எடுக்க வேண்டிவரும்.'

நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கதிரை இதற்கு முன்பும் காலியாகி இருக்கிறது. அப்போதும் நஸீரா பெயில். அப்போதும் வெளியில் இருந்து ஓர் ஆள் வந்தார். இனியும் ஒருவர் வந்தால், நஸீரா ஓய்வு பெறும்வரை பக்கத்து மேசைதான். அது நஸீராவுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். ஆணம் காய்ச்சப் பழகிய ரிஸ்விக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் அவர் டீச்சரைத் தேடி வந்தார். டீச்சர் அவரை என் பக்கம் தள்ளிவிட்டார். "உங்கட சாமான். நீங்களே பாருங்கோ."

ஒரு பை நிறையக் குறிப்புகள் கொண்டுவந்திருந்தார் நஸீரா. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று நிறம் பூசிய பக்கங்கள். கோயில் கொடிபோல இருந்தது.

"இதில எந்த நிறம் முக்கியம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் முக்கியம்தான் சேர்."

எல்லாவற்றுக்கும் நிறம் பூசினால் ஒன்றுக்கும் பூசாதது மாதிரித்தானே? மாணவர்களுக்கு நிறம் பூசும்போது படிப்பது போல ஒரு திருப்தி வருகிறது. கை வேலை செய்கிறது, மூளை படுத்திருக்கிறது. அடுத்த திருப்தி — கடந்தகால வினாத்தாளை வாங்கி, விடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதைப் புத்தகம் போல வாசிப்பது. 'ஓம், ஓம், சரி, இது எனக்குத் தெரியும்' என்று தலையாட்டிக்கொண்டே போகலாம். பரீட்சை மண்டபத்தில் அந்தத் தலையாட்டலுக்குப் புள்ளி இல்லை.

பிறகு இந்த வட்ஸ்அப் குழுக்கள். 'இந்த முறை கட்டாயம் வரும்' என்று ஒரு பட்டியல் சுற்றும். அனுப்பியவர் யார் என்று கேட்டால், இன்னொருவர் அனுப்பியது என்பார்கள். ஆதாரம் இல்லாத செலவை நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை. ஆதாரம் இல்லாத படிப்பை மட்டும் எப்படி அனுமதிப்பது?

நான் கேட்ட முதல் கேள்வி வேறு. "பரீட்சகர்களின் அறிக்கை வாசிச்சனீங்களோ?"

"அது என்ன சேர்?"

பாருங்கள்! ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும், எந்தக் கேள்வியில் என்ன பிழை விட்டார்கள், எங்கே புள்ளி போனது என்று திருத்தியவர்களே எழுதி வெளியிடுகிறார்கள். கேட்டு வாங்கத் தேவையில்லை, இணையத்திலேயே கிடக்கிறது. அடிக்கப் போகிறவரே வந்து, 'தம்பி, நான் இந்த இடத்தில்தான் அடிப்பேன்' என்று சொல்கிறார். நாமோ டியூஷன் மாஸ்டரிடம் போய், 'எங்கே அடிப்பார் சேர்?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன பிழை என்று கண்ணால் பார்ப்போம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் நஸீராவை உட்காரவைத்து ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்தேன். மணிக்கூட்டை எதிரே வைத்தேன். மேற்பார்வையாளர் நானே.

அழகாகத் தொடங்கினார். அடிமட்டம் வைத்துக் கோடு. அச்சடித்தது போன்ற இலக்கம். நான் உள்ளுக்குள் ரசித்துக்கொண்டிருந்தேன். என் காலத்தில் அலுவலகத்தில் இப்படி ஓர் இலிகிதர் கிடைத்திருந்தால்...

முதலாவது கேள்வியின் ஐந்தொகை சமப்படவில்லை.

நஸீரா பேனையை வைத்தார். கல்குலேட்டரை எடுத்தார். மேலிருந்து கீழ் கூட்டினார். கீழிருந்து மேல் கூட்டினார். வித்தியாசத்தை இரண்டால் பிரித்துப் பார்த்தார் — பக்கம் மாறி விழுந்த இலக்கத்தைப் பிடிக்க நாங்கள் செய்கிற வேலை. கிடைக்கவில்லை. ஒன்பதால் பிரித்துப் பார்த்தார் — இடம் மாறிய இலக்கத்துக்கு. அதுவும் இல்லை.

அந்த நேரம் என் மனைவி ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"இரிக்கட்டும் டீச்சர். சரிவந்த பொறகு குடிக்கிறன்."

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் கதிரையை மெல்ல மேசைப் பக்கம் நகர்த்தினேன். "பெறுமானத் தேய்வைப் பாருங்கோ..." என்றேன். "பாத்திட்டன் சேர்." "வரியை?" "அது சரி சேர்." இரண்டு தலைகளும் ஒரு தாளுக்கு மேல் குனிந்திருந்தன.

கண்டுபிடித்தோம்! என்ன மகிழ்ச்சி! நான் மேசையில் தட்டினேன். நஸீரா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

குசினி வாசலில் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சோதினை முடிஞ்சு எவ்வளவு நேரம் தெரியுமோ?"

மணிக்கூட்டைப் பார்த்தோம்.

"பிள்ளை, மிச்சக் கேள்வியள்?"

"நேரம் கிடைக்கல்ல டீச்சர்."

"வாசிச்சாவது பாத்தனியோ?"

நஸீரா மிச்சப் பக்கங்களை அப்போதுதான் புரட்டினார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சோதினை மேற்பார்வை செய்ய இருந்தனீங்களோ, இல்லாட்டி நீங்களும் சேந்து எழுதினனீங்களோ?"

இதற்குப் பதில் அரசாங்கத்தின் எந்த நிதிப்பிரமாணத்திலும் இல்லை.

ஆனால் நோய் பிடிபட்டுவிட்டது. நஸீராவுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்தது கூடிப்போய்விட்டது. வேலையில் எது அவருடைய நல்ல பெயரோ, அதுதான் பரீட்சையில் அவருடைய பெயில். கணக்கு சரிவராமல் எழும்பமாட்டார்! அவருடைய அலுவலகத்தில் ஒரு வழக்கமே உண்டாம் — மாதக் கணக்கு முடிக்கிற அன்று, சமப்பட்ட பிறகுதான் தேநீர் வரும். அதற்கு முன்பு ஒருவருக்கும் இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவர் யார் என்று கேட்டேன்.

"நான்தான் சேர்," என்றார்.

இனிப் பரீட்சையின் சங்கதியைப் பாருங்கள். அந்த இரண்டு தொகையும் ஒன்றாக வந்து நிற்பதற்கு எத்தனை புள்ளி? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. புள்ளி எல்லாம் வழியில் இருக்கிறது — தேய்வைக் கணித்ததற்கு, சரக்கைச் சரிக்கட்டியதற்கு, குறிப்பு எழுதியதற்கு. ஓர் இடத்தில் இலக்கம் பிழைத்து, அந்தப் பிழையான இலக்கத்தை அடுத்த படியில் முறையாகப் பாவித்திருந்தால், திருத்துகிறவர் பொதுவாக இரண்டாம் தடவை தண்டிப்பதில்லை. ஆகவே, சமப்படுத்த ஓடுகிற நேரத்தில் அடுத்த கேள்வியின் முதல் படிகளை எழுதினால் புள்ளி கைமேல். எந்தக் கேள்வியிலும் முதற் புள்ளிகள்தான் மலிவு. கடைசிப் புள்ளி தங்க விலை.

இதை நான் நஸீராவுக்கு விளக்கினேன். புள்ளித்திட்டத்தை எடுத்துக் காட்டினேன். கேள்விக்கு இத்தனை புள்ளி, ஆகவே இத்தனை நிமிடம், அதற்கு மேல் ஒரு வினாடி இல்லை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் "ஓம் சேர், விளங்குது சேர்" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தார். முதலாவது கேள்வி சமப்படவில்லை. பேனையை வைத்தார். கல்குலேட்டரை எடுத்தார்...

விளங்குவது வேறு, கை விடுவது வேறு. சீனி கூடாது என்று விளங்காத நீரிழிவுக்காரர் யார் இருக்கிறார்?

அன்றைக்கே டீச்சர் ஆட்சியைக் கைப்பற்றினார். முதல் கட்டளை — நான் முன் விறாந்தைக்கு நாடுகடத்தப்பட்டேன். "நீங்களும் அதே வருத்தக்காரர். பக்கத்தில இருந்தால் பிள்ளைக்குத் தொத்தும்." இரண்டாம் கட்டளை — ஒவ்வொரு கேள்விக்கும் உரிய நேரம் முடிந்ததும் அவர் வந்து தாளை எடுத்துக்கொண்டு போவார். வசனம் பாதியில் நின்றாலும் சரி. மூன்றாவதுதான் கொடூரமானது. தாளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு கோப்பைத் தேநீர் வைப்பார். சமப்படாத கணக்குக்குத் தேநீர்!

முதல் நாள் நஸீரா அதைத் தொடவில்லை. ஆடை படர்ந்து ஆறிப்போனது. இரண்டாம் கேள்வியையும் நேரம் முடிந்ததும் டீச்சர் எடுத்தார். அதற்கும் ஒரு கோப்பை. மேசையில் கோப்பைகள் வரிசையாக நின்றன. விறாந்தையில் இருந்த எனக்கு ஒன்றும் வரவில்லை.

"என்னால ஏலாது டீச்சர். வாய்க்குள்ள போகாது," என்றார் நஸீரா.

"போகும். மருந்தெண்டு நினைச்சுக் குடி."

இதற்கிடையில் மற்றப் படிப்பும் நடந்தது. அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் எழுத ஏலாது. ஆகவே பஸ்ஸில் ஒரு கேள்வியை வாசித்து, இதில் எத்தனை படி, எங்கே தொடங்குவது என்று மனதுக்குள் திட்டம் போடுவது மட்டும். ஏற வேண்டியது, வாசிக்க வேண்டியது, பாலம் முடிவதற்குள் திட்டத்தை முடிக்க வேண்டியது. எழுதுவதெல்லாம் ஞாயிறு. ஒருமுறை பிழைவிட்ட கேள்வியை அடுத்த நாளே திரும்பச் செய்யக்கூடாது — அது ஞாபகம், அறிவு இல்லை. ஒரு கிழமை கழித்து, மறந்த மாதிரி இருக்கும்போது செய்ய வேண்டும். கஷ்டமாக இருக்கும். கஷ்டமாக இருந்தால்தான் ஏறுகிறது.

இன்னொன்று. படித்ததை, அந்தப் பாடம் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பார்ப்பது. அந்தப் பாக்கியம் ரிஸ்விக்குக் கிடைத்தது. அவர் அடுப்படியில் நிற்க, நஸீரா விளக்குவாராம்.

"தாய்க் கம்பனி பிள்ளைக் கம்பனிக்குச் சாமான் வித்தா, அந்த லாபத்தைக் கழிக்கோணும்."

"ஏன் கழிக்கோணும்? வித்தது வித்ததுதானே?"

"ஒரே குடும்பம். வெளியால போகல்லியே."

"அப்ப உங்க காக்காக்கு நான் நெல்லு குடுத்து எடுத்தது லாபம் இல்லியா?"

"அவர் அதை வெளியில வித்தா லாபம். இன்னும் வீட்டில அடுக்கி வெச்சிருந்தா இல்ல."

"அடுக்கித்தான் வெச்சிருக்கார்," என்றாராம் ரிஸ்வி, மைத்துனரை நினைத்துப் பெருமூச்சோடு. அன்றைக்கு ஆணத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்ததாம். ஆனால் அந்தப் பகுதி இருவருக்கும் மறக்கவில்லை.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு. கடைசிப் பயிற்சி. நான் வழக்கம்போல விறாந்தையில். உள்ளே டீச்சரின் குரல் கேட்டது.

"நேரம் முடிஞ்சுது. பேனையை வையும் பிள்ளை."

"ஒரு நிமிசம் டீச்சர். கண்டுபிடிச்சிட்டன். ஒரே ஒரு நிமிசம்..."

"வையும்."

"தாங்க டீச்சர்!"

பிறகு ஒரு சத்தம். தாள் கிழிகிற சத்தம்.

நாடுகடத்தலை மீறி உள்ளே போனேன். பாதித் தாள் டீச்சரின் கையில். பாதித் தாள் நஸீராவின் கையில். நாற்பது வயதுப் பெண் ஒருவர், தான் என்ன செய்தேன் என்று தெரியாமல், கையில் இருந்த பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண் நிறைந்தது.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். வேலையிலயும் இப்பிடித்தான். எனக்குப் பொறகு பாக்க ஆள் இல்ல. நான் உட்டா அந்தப் பிழை அப்பிடியே கெடக்கும். யார் பாப்பாங்க?"

அவர் சொன்னது உண்மை. கணக்குப் பகுதியில் கடைசியாக விளக்கை நிறுத்துகிற ஆளுக்குத்தான் அது தெரியும்.

டீச்சர் இரண்டு பாதியையும் வாங்கி மேசையில் சேர்த்து வைத்தார்.

"பிள்ளை, அது உன்ரை கம்பனி. அங்க நீ விடக்கூடாது. இது சோதினைத் தாள். பின்னேரம் கட்டிக் கொண்டுபோயிடுவினம். இதில நீ ஒரு பிழையை விட்டால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. ஒரு கேள்வியை விட்டால் உனக்குத்தான் நட்டம்."

சொல்லிவிட்டுத் தேநீரை நகர்த்தி வைத்தார்.

நஸீரா கோப்பையைப் பார்த்தார். கிழிந்த தாளைப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகத்தைப் பார்த்தால் கசாயம் குடிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் முடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமைதான் நான் தொடக்கத்தில் சொன்ன மோட்டார் சைக்கிள். நாங்கள் கைதட்டியதற்குக் காரணம் இதுதான், தம்பி ரிஸ்வி. உங்கள் மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கைச் சமப்படாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு காத்திருப்பு. பரீட்சையை விட அதுதான் நீளம். நஸீரா வேலைக்குப் போனார், வந்தார். காலியாக இருந்த கதிரையில் யாரோ கோப்புகளை அடுக்கிவைத்திருக்கிறார்களாம். அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை. ரிஸ்வி மட்டும் ஒருநாள் சந்தையில் என்னைக் கண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சேர், சரிவராத கணக்குக்கு நெசமா புள்ளி குடுப்பாங்களா? இல்லாட்டி அவட மனசுக்கு ஆறுதலா சொன்னதா?"

"குடுப்பினம் தம்பி," என்றேன். சொல்லும்போது என் குரலில் எனக்கே போதிய ஆதாரம் இல்லை.

இந்தக் கிழமை முடிவு வந்தது.

இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போனை இன்னும் திறக்கவில்லை. "இங்க வந்துதான் பாக்கணும் எண்டு ஒத்தைக் காலில நிக்கிறா," என்றார் ரிஸ்வி. நஸீரா தன் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்தார். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. அவர் கை ஈரம் பட்டுப் போன் வேறு வழுக்கியது.

"தாரும் இஞ்ச," என்று டீச்சர் வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார். வாசித்தார். போனைத் தூரப் பிடித்து மறுபடி வாசித்தார்.

"பாஸ்."

ரிஸ்வி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். டீச்சர் நஸீராவைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. தூசியாகத்தான் இருக்க வேண்டும், வைகாசிக் காற்று.

நஸீரா சிரித்தார். அழுதார். மறுபடி சிரித்தார். முதலாளிக்குப் போன் பண்ணினார். 'திங்கட்கிழமை கதிரை மாறலாம்' என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

டீச்சர் தேநீர் போட்டுக்கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாலு கோப்பை. எனக்கும் ஒன்று.

நஸீரா கோப்பையை எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்தார். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். பரீட்சை வினாத்தாள்! பக்கத்தில், ஞாபகத்தில் இருந்து தான் எழுதிய விடை.

"இப்ப பாக்கலாமா சேர்?"

"என்னத்தை?"

"அந்த வித்தியாசத்தை. அண்டைக்கிருந்து மனசில நிக்கிது."

"அடி!" என்று எழும்பினார் ரிஸ்வி. "பாஸ் ஆன பரீட்சைக்கு இனி என்ன விடை?"

நான் ஏற்கெனவே கதிரையை நகர்த்திவிட்டேன்.

தேய்வு சரி. வரி சரி. ஒதுக்கம் சரி. இரண்டால் பிரித்தோம், ஒன்பதால் பிரித்தோம். டீச்சர் எங்களைத் தடுக்கவில்லை. கடைசியில் நஸீராவின் விரல் ஒரு வரியில் நின்றது. தாய்க் கம்பனி அனுப்பிய சரக்கு ஒன்று, வருட முடிவில் இன்னும் கப்பலில், வழியில் இருக்கிறது. பிள்ளைக் கம்பனிக்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கையிருப்போடு கூட்ட வேண்டும். நஸீரா கூட்டவில்லை. ஏற்கெனவே களஞ்சியத்துக்குள் இருக்கிறது என்று எடுத்துவிட்டார்.

"யா அல்லாஹ்!" என்று தலையில் கைவைத்தார். "நான் நாள் முழுக்க இறக்குற சரக்கைத்தானே சேர் பாக்கிற. கப்பல் எண்டு கண்டதும் இறக்கிட்டன்."

ரிஸ்வி அந்த விளக்கத்துக்காகவே இவ்வளவு மாதமும் காத்திருந்தவர் போலச் சிரித்தார். "கப்பல் இன்னும் கடலில நிக்கிது! இவ சாமானை ஸ்டோருக்குள்ள அடுக்கி, கதவையும் பூட்டிட்டா!"

நஸீரா அந்த வரியைத் திருத்தினார். கூட்டினார். இரண்டு பக்கமும் ஒரே தொகை. அடிமட்டம் இல்லாமல், விரல் ஓரத்தைப் பிடித்து, அடியில் இரட்டைக் கோடு போட்டார்.

அப்புறம்தான் கோப்பையை எடுத்தார். நன்றாக ஆறிப்போன தேநீர். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "டீச்சர், இண்டைக்குத்தான் உங்கட தேத்தண்ணி ருசியா இரிக்கி," என்றார்.

ஆகவே, நிலாவெளி வாசகருக்கு என் பதில்: பரீட்சையில் விடத் தெரிந்தால் பாஸ் ஆகலாம். விட்டதை, பாஸ் ஆன பிறகும் தேடி வருகிறவரை நம்பிக் கதிரையைக் கொடுக்கலாம்.

என்னுடைய தேநீரும் ஆறித்தான் போயிருந்தது. அதைச் சூடாக்கித் தரும்படி கேட்டேன். "உங்களுக்குச் சோதினை இல்லைத்தானே, நீங்களே சூடாக்குங்கோ," என்றுவிட்டார் டீச்சர்.